பெயரெச்சம்

தம்மாம், இரண்டாம் சனையா.
வெளியே ஆகஸ்ட்,
லாரிக் கதவைத் தொட்டால் கை பொசுங்கும்.
உள்ளே மைனஸ் இருபத்திநாலு.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை
மாட்டு நாக்குகளாய்த் தொங்குகிறது.

மண்டல் கேட்டான்:
"இந்தக் குளிருக்கு உங்க பாஷையில என்ன?"
நேப்பாளம்தான் அவன், ஆனால் சிராஹா, சமவெளி.
பனி பார்த்ததே இல்லை.
பாஸ்போர்ட்டைப் பார்த்த சூப்பர்வைசர்
"உனக்குப் பழக்கம்தானே" என்று
இமயமலையை அப்படியே அவன் தலையில் தூக்கிவைத்து
இந்த அறைக்கு அனுப்பினார்.

"குளிர்" என்றேன்.
சொன்ன வாய்க்கே பொய்யாகப் பட்டது.
எங்கள் பாஷையில் குளிர் நல்லவன்.
மனம் குளிரும்.
கண் குளிரப் பார்ப்போம்.
சாப்பிட்டு எழுந்தவர் வயிறு குளிர்ந்து வாழ்த்துவார்.
மாரியம்மனைக்கூடக் கூழ் ஊற்றித்தான் குளிரவைப்போம்.
இந்த அறையில் எதுவும் யாரையும் வாழ்த்தவில்லை.

சில்லென்ற? அது மோர்.
ஜில்லென்ற? அது விளம்பரம்.
கடுங்குளிர் செய்தி வாசிப்பவருடையது,
அவர் கோட்டு போட்டிருப்பார்.

ட்ராலியை இரண்டு தடவை தள்ளிவிட்டு வந்தபிறகு
கிடைத்தது: விறைத்த.
"விரைத்த" என்றான்.
வல்லின ற அவனுக்கு வரவில்லை,
எனக்கு மட்டும் வந்துகிழிக்கிறதா என்ன.
"வாக்கியத்துல வச்சுச் சொல்லு."

டெலிவரி நோட்டின் முதுகில்
தேவநாகரியில் எழுதிக்கொண்டான்.

விறைத்த கோழி, பிரேசில், பெட்டிக்குப் பத்து.
விறைத்த விரலுக்கு பேன்ட் பொத்தான் அவிழாது, முட்டுவதற்கு முன்பே கிளம்பு.
விறைத்த பேனா எழுதாது, பென்சில் கொண்டு வா.
விறைத்த மீசையோடு வெளியே வருகிறவன்
ஒரு நிமிஷம் கிழவன், அப்புறம் வெறும் வியர்வை.
விறைத்த முகத்தோடு கஃபீல் வந்தார்,
சம்பளம் அடுத்த வாரம் என்றார்.

"கடைசியில குளிரே இல்லையே?"
"அதுலதான் அதிகம்."

அன்றிரவு தமயந்தி போனில்,
"அங்க வெயில் கொளுத்துதாமே?"
"நான்தான் ஏசியிலல்ல இருக்கேன்."
மூன்று வருஷமாய் ஒரே வாக்கியம்,
எழுத்துக்கு எழுத்து உண்மை.
அதைக் கேட்டு அங்கே நாலு வயிறு குளிர்ந்திருக்கிறது.
மச்சினனுக்கும் விசா கேட்கிறார்கள்,
"அதே ஏசி வேலையா பாருங்க."

புதுச் சொல்லை அவளிடமும் வைத்துப் பார்த்தேன்,
"இன்னிக்கு விறைச்சுப்போய்..."
"என்னது, சட்டையா?
அங்க கஞ்சியெல்லாம் போட்டுத் தர்றாங்களா?"
சிரித்தாள்.
நானும் விறைப்பான சட்டைக்காரனாய்ச் சிரித்தேன்.

ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில்
எனக்கு மிச்சமிருப்பது இவ்வளவுதான்:
பெயரெச்சம் தனியாய் முடியாது.
பின்னால் ஒரு பெயர் வரும்வரை
ஒற்றைக்காலில் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை கதவு சிக்கியது.
உள்பக்கக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.
உள்ளே நானும் மண்டலும்
இரண்டாயிரம் கோழிகளும்.
பதினோரு நிமிஷம்.
தட்டினோம். பெட்டியால் இடித்தோம்.
பிறகு தட்டுவதை நிறுத்தினோம்,
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
அவன் புருவம் வெளுப்பதை நான் பார்த்தேன்,
என்னுடையதை அவன் பார்த்திருப்பான்.
அந்தச் சொல் அங்கேயே நின்றது,
ஒரு பெயருக்காக.
இரண்டு பெயர்கள் கைவசம் இருந்தன.

வெளியிலிருந்து ஃபோர்க்லிஃப்ட்காரன் திறந்தான்.
வெயிலில் போய் நின்றோம்,
நிழலுக்கு வரச்சொல்லிக் கத்தினார்கள்.
நாங்கள் நகரவில்லை.

மண்டல் நோட்டை எடுத்து
"விறைத்த" என்று இன்னொரு வரி தொடங்கினான்,
பக்கத்தில் கோடு போட்டான்,
என்னைப் பார்த்தான்.
நான் பென்சிலை வாங்கிக்கொண்டேன்.

மதியம் அந்தத் தாள்
ஜுபைல் போகிற சரக்கோடு போய்விட்டது.
அங்கே யாரோ முன்பக்கத்தை மட்டும் பார்த்து
எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.